காது கொடுத்த வீடு

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் கத்திரிபோல் பின்னிக்கொண்டு குனிந்திருக்கிறாள் பார்லர்க்காரி. நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்ணுக்கு இடது புருவம் முடிந்துவிட்டது. வலது புருவத்தில் பாதி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மாடிப்படியில் யாரோ ஏறுகிறார்கள். நூல் நின்றுவிடுகிறது. அவள் கண்கள் எதிரே உள்ள கண்ணாடியில் பதிந்திருக்கின்றன, எதையும் பார்க்கவில்லை. மூச்சு விடுவதாகக்கூடத் தெரியவில்லை. படியேறியவர் மேலே போய், கதவைத் திறந்து உள்ளே நுழைந்த பிறகுதான் நூலுக்கு உயிர் வருகிறது.

"வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட்டு. புதுச் செருப்பு. கடிக்குது போல, பாவம்," என்கிறாள் யாரும் கேட்காமலே.

பார்லரில் அவளுக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர். வைத்தது கூட்டாளிப் பெண். "பிரேக் அக்கா, வண்டிய எடுங்க. அவங்களுக்குக் கழுத்து வலிக்குது," என்று தலைச்சாயம் குழைத்தபடியே குரல் கொடுப்பாள். புதிதாக வருகிறவர்கள் இந்த நிறுத்தத்தைக் கண்டு கொஞ்சம் மிரள்வார்கள். பழகியவர்களோ, தங்கள் மாமியார் கதையை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிற ஆள் வேறு எங்கும் கிடையாது என்று நம்பி அவளிடமே வருகிறார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறியிருக்காது.

முடி உலர்த்தும் மெஷினை அவள் தொடுவதில்லை. அதன் இரைச்சலில் காது அடைத்துவிடுகிறதாம். அந்த வேலை கூட்டாளிக்கு. கத்திரியை மேஜையில் வைப்பதற்கு முன் துண்டு விரிப்பாள். இழுப்பறையை இடுப்பால் மெல்லத் தள்ளி மூடுவாள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். தோள்கள் மட்டும் குலுங்கும். பூனை நடை. கழுத்துக்குப் பின்னால் திடீரென்று அவள் கை பட்டு அலறியவர்கள் உண்டு. "ஒரு கனைப்பாவது கனைச்சுட்டு வாங்களேன்!" என்று அவர்கள் திட்டும்போது அவள் மன்னிப்புக் கேட்பாள். அதையும் ரகசியக் குரலில்.

இவ்வளவையும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவள் வளர்ந்த வீடு.

அவள் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம், கல்லூரிக்குப் போகிற வயதிலிருந்த அண்ணன், "இதோ வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வரவில்லை. சண்டை இல்லை, காதல் இல்லை, கடிதம் இல்லை. அப்பா தேடாத இடமில்லை. தேடிக் களைத்து எல்லோரும் ஓய்ந்த பிறகு, அம்மா காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்து அண்ணனுக்கு இடது கால் உடைந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. வலது காலை அழுத்தி ஊன்றுவான். இடது கால் இழுபடும். தொம், சரக். தொம், சரக். "அவன் நடைய நான் தூக்கத்துலகூடக் கண்டுபிடிச்சுடுவேன். நீங்க சத்தம் போடாம இருந்தாப் போதும்," என்றாள் அம்மா.

முதலில் ரேடியோ பக்கத்து வீட்டுக்குப் போனது. பிறகு கிரீச்சிடுகிறது என்று மின்விசிறியை நிறுத்தினாள். கோடையில் மூவரும் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் படபடக்கிறது என்று திரைச்சீலைகள் இறங்கின. சுவர்க் கடிகாரம் நின்றது. எவர்சில்வர் தட்டுகள் பரணுக்குப் போய், பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. வாசல் கதவைச் சாத்துவார்கள், தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை. தெருமுனையில் பேசினால் வீட்டில் கேட்கும் குரல் கொண்ட அப்பா, கிசுகிசுக்கப் பழகினார். பிறகு அதுவும் சலித்து, சாப்பாட்டு நேரம்வரை வெளியிலேயே பொழுதைப் போக்கினார்.

மகளுக்குப் போக்கிடம் இல்லை. பாடங்களை உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள். புத்தகப் பக்கத்தை எச்சில் தொட்டு, சத்தமில்லாமல் புரட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் காது வளர்ந்தது. பேப்பர் போடுகிறவர், எதிர்வீட்டுக்காரர், வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் என்று எல்லோரையும் அவர்கள் திருப்பத்தில் வரும்போதே சொல்லிவிடுவாள். அம்மாவுக்கு முன்னால் சொல்லிவிட்டால், அம்மா அவள் தலையைத் தடவி, "நல்ல காதுடி உனக்கு," என்பாள். அந்த வீட்டில் அவள் தலையை யாராவது தடவினார்கள் என்றால் அது அதற்காக மட்டும்தான்.

மத்தியானங்களில் அவளைப் படுக்கவைத்துவிடுவார்கள். கண் செருகும் நேரத்தில் சில நாள் அது கேட்கும். வீட்டு நடையில், வாசல் பக்கமாகப் போகும் காலடி. தொம், சரக். தொம், சரக். எழுந்து ஓடி வருவாள். யாரும் இருக்கமாட்டார்கள். அம்மா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் கதவருகே நிற்பாள்.

"என்னடி?"

"அண்ணன் வந்த மாதிரி இருந்துச்சும்மா."

திரும்பும்போது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "உனக்கும் கேட்டுச்சா?"

அப்பா முதலில் போய்ச் சேர்ந்தார். சில வருடம் கழித்து அம்மாவும், தாழிடாத கதவைப் பார்த்துத் தலைவைத்துப் படுத்தபடியே போனாள். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, பார்லர்க்காரி அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். குளிக்கும்போது பாடுவார், பாட்டு நின்றால் தும்முவார். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். பேச்சின் நடுவே அவள் நின்றுபோனால், "பிரேக் போடுறது என் பொழப்பு. நீ ஏம்மா போடுற?" என்று சிரிப்பார். வாடகைக்கு வீடு பார்த்தபோது நல்ல வீடுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்றாம் மாடியில் இருந்த ஒன்றை அவள் பிடித்தாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் ஓர் ஊசி விழுந்தாலும் மேலே கேட்கும். அதை மட்டும் சொல்லவில்லை. அவர் ஆசையாக வாங்கி வந்த திரைச்சீலைகள் உறை பிரியாமல் அலமாரியில் கிடந்தன. கூடத்து மின்விசிறி ரிப்பேர். இன்றைக்கு நாளைக்கு என்று ஆளைக் கூப்பிடாமலே தள்ளிப் போட்டாள். கதவுத் தாழ்ப்பாள் பெயின்ட் ஒட்டி இறுகிக் கிடந்தது.

மகள் பிறந்தாள். மாமா ஒருவர் இருந்தார் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. 'அந்தக் கதை என்னோட போகட்டும்' என்று முடிவெடுத்திருந்தாள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "பாப்பா நல்லாத்தான் வாசிக்கிறா. ஆனா பாதி வரில நின்னுடறா. திக்குவாயெல்லாம் இல்ல. எதையோ கேக்குற மாதிரி நிக்கிறா. கூடப் படிக்கிற பசங்க பயப்படுதுங்க."

வழியில் மகளிடம் கேட்டாள். "என்ன கண்ணு, என்னத்தக் கேட்டுட்டு நிக்கிற?"

"வர்றாங்களான்னு பாக்குறேன்."

"யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே பாத்துட்டு இருக்க."

அவள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அடுத்து வந்த விடுமுறை நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தவளின் தூக்கத்துக்குள் அது நுழைந்தது. தொம், சரக். தொம், சரக். நடையில், வாசலை நோக்கி. இத்தனை வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. கால்கள் தானாக எழுந்து ஓடின.

நடையில் மகள் நடந்துகொண்டிருந்தாள். வலது காலை ஓங்கி ஊன்றி, இடது காலை இழுத்து. விளையாடுகிற முகமாக இல்லை. கதவருகே போய் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"அப்படி நடக்காத! யாரு சொல்லிக் குடுத்தா?" அந்த வீட்டில் அவள் போட்ட முதல் கூச்சல் அதுதான்.

குழந்தை அரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. "நீதாம்மா."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இவ என்னென்னவோ சொல்றா."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"என்ன தெரியும்?"

"மத்தியானம் படுத்து எந்திரிச்சா நீ அப்படித்தான் நடப்ப. கல்யாணமான புதுசுலேர்ந்தே. கால் மரத்துப் போச்சாக்கும்னு விட்டுட்டேன். வாசக்கதவு வரைக்கும் போவ. நிப்ப. திரும்பி வந்து படுத்துக்குவ. ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்தேன். நீ திரும்பல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் முதுகைக் காட்டி நின்ற அம்மா கண்முன்னே வந்தாள். உனக்கும் கேட்டுச்சா? அத்தனை மத்தியானங்களும் அந்த வீட்டு நடையில் நடந்தது அம்மாதான். தெரிந்தே நடந்தாளா, மகன் காலடி இல்லாத வீட்டில் இருக்கமுடியாமல்? அல்லது அவளுக்குமே தெரியாதா? அதைவிட மோசமாக இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒரு மத்தியானம் அம்மா குளியலறையில் இருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா வெளியில். அன்றைக்கும் காலடி கேட்டது. அன்றைக்கு இவள் விழித்தபோது படுக்கையில் இல்லை. வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "சரி, வீட்ட மாத்துவோம்," என்றார்.

"வேற வீடா?"

"இதே வீட்டத்தான்."

மறுநாளே மின்விசிறிக்கு ஆள் வந்தது. உறையிலிருந்த திரைச்சீலைகள் கம்பியில் ஏறின. பெயின்டைச் சுரண்டித் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். ரேடியோ வந்தது, யாரும் கேட்காவிட்டாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒரு ஊதுகுழல் வாங்கிக்கொடுத்தார், அக்கம்பக்கத்தின் சாபம் தமக்கு வந்து சேரட்டும் என்று சொல்லி. மனைவி மத்தியானம் கண்ணயர்ந்தால், வீட்டில் இருக்கும் நாட்களில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவள் புரண்டதும், "என்னம்மா, டீ போடட்டா?" என்று உரக்கக் கேட்டுவிடுவார்.

குழந்தைதான் முதலில் தேறியது. முழுப் பக்கம் வாசித்தாள். பிறகு வகுப்பில் வாயாடி என்று பெயர் எடுத்தாள். டீச்சர் மறுபடி கூப்பிட்டனுப்பினார், இந்தத் தடவை சண்டை போட்டதற்காக. பார்லர்க்காரி அந்தப் புகாரைக் கூட்டாளியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் யாரோ ஏற, பாதியில் நின்றாள். மகளை அந்தப் பழக்கம் விட்டுவிட்டது. இவளை விடவில்லை. "எனக்கு இது தோலோட ஒட்டிப் போச்சு. அவளுக்குச் சட்டைதான், கழட்டியாச்சு," என்கிறாள்.

போன வாரம் ஒரு மத்தியானம். கூடத்தில் முக்காலி போட்டு மகளை உட்காரவைத்து, பின்னால் நாற்காலியில் இருந்தபடி அவளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கணவர் ஜன்னலோரம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றை அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்; தலையை ஆட்டாதே என்று அதட்டியும் அடங்கவில்லை. கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. ரேடியோ ஒரு சொல்லின் நடுவில் அணைந்தது.

கீழே படிக்கட்டில் ஒரு காலடி.

தொம், சரக்.

கணவரின் ஊசி துணியிலேயே நின்றது. அவர் மனைவியின் கால்களைப் பார்த்தார். பிறகு மகளின் கால்களை. இரண்டு பேரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். காலடி முதல் மாடியைத் தாண்டியது. அவசரமே இல்லை. இரண்டாம் மாடி. வழி தெரிந்தவர் வருவதுபோல் எங்கும் தயங்காமல் ஏறியது. மூன்றாம் மாடிக்கு வந்து, வெளி நடையில் இழுபட்டு, அவர்கள் கதவுக்கு வெளியே நின்றது.

தட்டவில்லை.

"அப்புறம் அவ என்னைப் பிடிச்சுத் தள்..." என்று சொல்லிக்கொண்டிருந்த மகளின் வாய் மூடிக்கொண்டது. முதுகு விறைத்தது. சின்னத் தலை, கதவுப் பக்கமாகச் சாயப் போனது.

பார்லர்க்காரி கத்திரியை மடியில் போட்டாள். முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் காதுகளை இறுகப் பொத்தினாள்.