உங்களைப் பற்றி நல்லதாத்தான் எழுதினனான்

முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெர்மனியின் ஆஹெனில் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை, கறியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பல்லால் பிளந்தாள், உள்ளே இருந்த சதையை வழித்து உறிஞ்சினாள், சக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கட பிள்ளைதான்" என்றார். நான் அதை ஜெர்மனில் சொன்னபோது அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே அப்பாவிடம் கேட்டு "அக்கா" என்ற சொல்லைப் பழகிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னை வேறு எந்தப் பெயராலும் அவள் கூப்பிட்டதில்லை.

அவள் சீனாவிலிருந்து முனைவர் பட்டத்துக்காக வந்தவள். மின்கலங்களுக்குள் வைக்கும் புதிய பொருட்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் அதே ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பள்ளி முடித்து, தொழிற்பயிற்சி பெற்று, அங்கே மாதிரிகளைச் சுடும் உலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். ஆராய்ச்சியாளர்கள் நாலைந்து வருடத்தில் போய்விடுவார்கள். நான் அங்கேயேதான் இருக்கிறேன். உலை சூடேறவும் மணிக்கணக்காகும், ஆறவும் மணிக்கணக்காகும். அந்தக் காத்திருப்பில்தான் நாங்கள் நெருங்கினோம். பேசியது எல்லாம் ஜெர்மனில். ஆனால் என் நினைவில் அவளுடைய பேச்சு எங்கள் வீட்டுத் தமிழாகவே மாறிவிட்டது. இங்கே எழுதுவதும் அப்படியே.

அவளிடம் இரண்டு குரல்கள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஜெர்மன்காரர்கள் பகிடியும் எரிச்சலுமாக, "இங்கே படித்துவிட்டுப் போய் அங்கே மின்சாரக் கார் செய்து எங்களுக்கே விற்கப் போகிறீர்கள்" என்பார்கள். அவள் சளைக்கமாட்டாள். எங்களூர் ரயில் நேரத்துக்கு வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கள் ரயில்கள் தாமதிப்பதை நினைத்து மேசையே சிரித்துவிடும். உலை அறைக்குள் வந்தபின் வருவது மற்றக் குரல். அவளுடைய பெற்றோர் ஊரில் தங்கள் வாழ்நாள் உழைப்பைக் கொடுத்து ஒரு கோபுரக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் வீடு வாங்கியிருந்தார்கள். கட்டியவர்கள் பாதியில் கைவிட்டுப் போய்விட்டார்கள். ஜன்னல் இல்லாத அந்தக் கொங்கிறீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வருவதற்காக மட்டும் அவளுடைய தகப்பன் இரண்டு பேருந்து மாறிப் போவாராம். தம்பி பொறியியல் முடித்தவன், வேலை இல்லை. "கட்டிலை விட்டு எழும்புறானில்லை அக்கா. வெளியிலை நிண்டு பார்க்கிறவைக்கு எங்கட நாடு மலை மாதிரித் தெரியும். உள்ளுக்கை வீட்டுக்கு ஒராள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கு."

அப்பாவுக்கு அவளோடு அரசியல் கதைக்க ஆசை. "எங்கட நாட்டிலை வந்து துறைமுகம் கட்டினது உங்கட ஆக்கள். அதைப் பார்த்து இந்தியாக்காரனுக்கு நித்திரை இல்லை. அமெரிக்காக்காரனுக்கும் இல்லை. நடுவிலை கிடந்து முழிக்கிறது நாங்கள்" என்பார். "நான் கட்டேல்லை ஐயா" என்பாள் அவள். இதே பகிடி ஒவ்வொரு ஞாயிறும் நடக்கும். இருவரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள்.

பிறகு காற்று மாறியது. எந்த நாட்டுக்காரர் எந்த ஆராய்ச்சியைத் தொடலாம் என்று சோதிக்கும் புதிய விதிகள் வந்தன. ஒரு திங்கட்கிழமை அவளுடைய நுழைவு அட்டை நுண்ணோக்கி அறையின் கதவைத் திறக்க மறுத்தது. நாலுதரம் வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் தரம் நான் உள்ளேயிருந்து திறந்தேன். அவள் வாசலைத் தாண்டவில்லை. தன் மாதிரிகள் இருந்த சிறு பெட்டியை என் கையில் தந்துவிட்டு, நடைபாதையில் சுவரோடு நின்றாள். எனக்கு வந்த கோபத்தை இப்போதும் உணர முடிகிறது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் கைப்பையைக் கிட்ட இழுத்துக்கொண்ட மனிதர்களோடு வளர்ந்தவள் நான். நேரே பேராசிரியரிடம் போனேன். இவளை எனக்குத் தெரியும், இவளுக்காக நான் பொறுப்பு நிற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தக் கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்ததோ தெரியாது. ஆறு வாரத்தில் கதவு திறந்தது. அவள் உலை அறைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கீழ்மாடியில் அவளுடைய நாட்டுக்காரர் இன்னொருவர் இருந்தார். முப்பது வயதுக்கு மேலிருக்கும், உயரமானவர், தனியாகச் சாப்பிடுபவர். ஒருநாள் பின்னேரம், நான் இரசாயனக் களஞ்சியத்தில் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கதவைச் சாத்தினார். கொலோனில் தங்கள் அரசை எதிர்த்து நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்வந்ததாகச் சொன்னார். முகத்தை மறைத்து, ஒன்றுமே எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அங்கே யாரோ படம் எடுத்ததைக் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. "உன்ரை அப்பா அகதி விண்ணப்பம் போட்டவர் எண்டு கேள்விப்பட்டனான். அது எப்பிடிச் செய்யிறது? ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார். அகதி வழக்குகள் நடத்தும், எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். "நான் இதை உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறன்" என்றார். நான் தலையசைத்தேன்.

அடுத்த நாள் அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் தனித்துப்போய் இருந்தார். அவளும் அதே மொழி, அதே ஊர்த் துன்பங்கள் தெரிந்தவள். என்னால் கொடுக்க முடியாத ஒரு ஆறுதலை அவளால் கொடுக்க முடியும் என்று நினைத்தேன். "போய்க் கதைச்சுப் பார். உன்னைவிட ஆர் அவருக்கு இருக்கினம்" என்றேன். அவள் உலையின் சிறு கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு, "ஓம் அக்கா" என்றாள். அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போனார்களாம் என்று மட்டும் கேட்டாள். அது சாதாரணமான கேள்வியாகத்தான் பட்டது.

மூன்று வாரம் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். இந்தமுறை கதவைச் சாத்தவில்லை, உள்ளே வரவும் இல்லை. ஊரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அவருடைய தாயை அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் வேலையிடத்திலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். மகன் வெளிநாட்டில் அகதி விண்ணப்பம் போட யோசிக்கிறானாமே என்று கேட்டிருக்கிறார்கள். "கூட்டத்துக்குப் போனது படத்திலை தெரிஞ்சிருக்கலாம்" என்றார். "விண்ணப்பத்தைப் பற்றி எந்தப் படத்திலையும் இல்லை. அதை நான் உனக்கு மட்டும்தான் சொன்னனான்." என்ன சொல்வது? இன்னொருத்திக்குச் சொன்னேன் என்றா? அவர் படியிறங்கிப் போனார்.

அன்று வேலை முடிந்ததும் பேருந்துத் தரிப்பில் அவளைப் பிடித்தேன். இல்லை என்று சொல்வாள், நான் நம்பிவிடலாம் என்ற ஆசையோடுதான் போனேன். அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"எங்கட தூதரகத்துக்கு மாதத்துக்கு ஒருக்கா எழுத வேணும் அக்கா. வந்த நாளிலையிருந்து எழுதிறன். என்ரை அரசாங்க உதவித்தொகைக்கு ஊரிலை ரெண்டு பேர் பிணை நிண்டவை. ஒராள் அப்பா. இங்கை இருக்கிற எங்கட ஆக்களைப் பற்றிக் கேப்பினம். நான் ஒண்டும் தெரியாதெண்டு எழுதினால், மறைக்கிறனெண்டு அவைக்கு விளங்கிவிடும்."

"அந்த மனுசன்ரை தாயை நினைச்சுப் பார்த்தனியே?"

"என்ரை அப்பாவை நினைச்சனான்."

பேருந்து ஒன்று வந்து நின்று, போனது. இருவரும் ஏறவில்லை. எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. "என்னைப் பற்றியும் எழுதினனியா?" என்று கேட்டேன்.

அவள் அன்று முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே என்னைத் தேற்ற நினைத்தாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன். "உங்களைப் பற்றி நல்லதாத்தான் எழுதினனான் அக்கா. ஐயாவைப் பற்றியும். நல்ல ஆக்கள், எங்கட நாட்டுக்கு மரியாதை குடுக்கிற ஆக்கள் எண்டு."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் கணத்தில் தலைகீழாகிப்போயின. அப்பாவின் துறைமுகப் பகிடி ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ வாசித்த ஒரு வரி. அப்பா அகதியாக வந்த கதை இன்னொரு வரி. நான் பேராசிரியருக்குக் கொடுத்த கடிதமும் எங்கேனும் இருக்கக்கூடும். எழுந்து நடந்தேன். வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைக்கும் காலங்களில், பள்ளிக்கூட மைதானத்தில் எல்லா ஆண்களையும் வரிசையாக நடத்துவார்கள். சாக்கால் தலையை மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையை ஆட்டுவான் அல்லது ஆட்டமாட்டான். தலையாட்டி என்போம். தலை ஆடினால், போராளிகளுக்கு உதவியவர் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பாவுக்கு முன்னால் அந்தத் தலை ஆடியது. எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது ஒரு கையை மேலே தூக்க ஏலாமல் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று சொன்னது மட்டும் தெரியாது.

"தலையாட்டினவன் ஆரெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. கண்ணைக் கண்டனான். எங்கட வீட்டிலை சாப்பிட்டவன்தான்."

"அவனையும் அடிச்சிருப்பாங்கள்தானே அப்பா. அவனுக்கும் வேறை வழி இருந்திருக்காது."

"ஓம். அடிச்சிருப்பாங்கள்."

"மன்னிச்சிட்டீங்களோ?"

"இல்லை" என்றார் அப்பா. "அவளை இனி இங்கை கூட்டிக்கொண்டு வராதை" என்றார். இறக்கும் வரைக்கும் அவளைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் அதற்குப் பிறகும் பதினொரு மாதம் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். உலை வேண்டுமானால் மின்னஞ்சல் போடுவாள், நான் நேரம் ஒதுக்குவேன். இங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தாள். நாடுகளுக்கு இடையிலான இழுபறியில் அவளுடைய ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. முன்பானால் நான் இன்னொரு கடிதம் எழுதியிருப்பேன். ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இப்போது பாடம் எடுக்கிறாள் என்று கேள்வி. வெளிநாட்டில் நீண்ட காலம் இருந்தவள் என்று அங்கேயும் அவளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி வந்தது. அந்த மகிழ்ச்சியை எண்ணி வெட்கப்பட்டேன். இரண்டும் போகவில்லை.

கீழ்மாடிக்காரர் யாருக்கும் சொல்லாமல் ஆஹெனை விட்டுப் போனார். அவருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதில் இல்லை.

போன மாதம் அந்தர்நாக் என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போவதற்காக, பான் நகரில் ரயில் மாறினேன். எனக்கு முன்னாலிருந்த இருக்கையில் ஒருவர் முதுகுப்பையை மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரேதான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டார். வதிவிட உரிமை கிடைத்துவிட்டதாகவும் கோப்லென்ஸில் வேலை என்றும், அங்கேதான் போய்க்கொண்டிருப்பதாகவும் சொன்னார். தாயைப் பற்றிக் கேட்டேன். "இருக்கிறா" என்றார். அதற்குப் பிறகு அவருடைய முகம் மெல்ல மூடிக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஜெர்மனில் ஒருவரையொருவர் ஒருமையில்தான் அழைப்போம். அவர் இப்போது அந்நியரோடு பேசும் பன்மைக்கு மாறினார்.

"என்னைக் கண்டதை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்" என்றேன்.

ரேமாகன் நிலையத்தில் ரயில் நின்றது. கோப்லென்ஸுக்கு இன்னும் அரை மணி நேரப் பயணம் இருந்தது. அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று கூறிவிட்டு இறங்கினார். கதவு மூடியபின் பார்த்தேன். மேடையில் அடுத்த ரயிலின் நேரம் போட்டிருந்த பலகைக்குக் கீழே நின்றார். நான் உள்ளேயே இருக்கிறேனா என்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.