விளக்கின் மேல் வைத்த சந்தனம்

எங்கள் அலுவலக மேசைத் தொலைபேசிகளைப் போன வாரம் கழற்றி எடுத்துப் போனார்கள். இனி எல்லாம் செல்போன்தானாம். போகட்டும். ஆனால் என் மேசையில் இருந்ததை மட்டும் நானே கழற்றித் துடைத்துக் கொடுத்தேன்.

அதன் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. நாம் இல்லாத நேரத்தில் யாராவது பேசிப் பதிவு செய்து வைத்தால் மினுங்கும், கேட்கும்வரை நிற்காது. எங்களுடையது திருநெல்வேலி டவுணில் பம்புசெட் விற்கும் கம்பெனி. அம்பாசமுத்திரம் கிளையில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். இருவரிடமும் அப்போது செல்போன் கிடையாது. காலையில் விளக்கு மினுங்கினால் அவள்தான். அந்த நாட்களில் என்னைவிடச் சீக்கிரம் அலுவலகம் வந்தவன் எவனும் இல்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

அந்த வாரம் ஆயுத பூஜை. அலுவலகச் சாமான்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் வேலை எப்போதும் என்னுடையது. நல்ல பதிலைக் கொண்டுவரப்போவது என் தொலைபேசிதானே என்று அதற்கு மட்டும் தாராளமாக அப்பினேன். நெற்றி என்று நான் அப்பிய இடத்தில்தான் விளக்கு இருந்தது. பூஜைச் சந்தனத்தை நாங்கள் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம்.

விடுமுறை முடிந்து வந்தால் விளக்கு மினுங்கவில்லை. அவள் லீவு என்றார்கள். அவளாகப் பேசட்டும் என்று வீறாப்பாக இருந்துவிட்டேன். வடிகட்டின முட்டாள் நான்.

அடுத்த திங்கட்கிழமை சந்தனம் மேசையில் உதிர்ந்து கிடந்தது. விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பூஜையன்று நான் கிளம்பிய பிறகு பேசியிருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பாவ. வந்து பேசுங்க. வரலைன்னா உங்களுக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கிடுதேன். இன்னொரு தடவை கேக்க மாட்டேன்."

ஞாயிறு நேற்றே போய்விட்டது. கிடைத்த பஸ்ஸில் ஏறி அம்பாசமுத்திரம் போனேன். அவள் மேசை முன்னால் நின்று, சந்தனம் விளக்கை மறைத்த கதையைச் சொன்னேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவள் நம்பினாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

"நேத்து ராத்திரி அத்தை வீட்டுக்குச் சம்மதம் சொல்லியாச்சு" என்றாள். பிறகு, பைய, "வீட்ல அப்பா சட்டையே போட மாட்டாவ. நீங்க வருவீயன்னு நேத்து காலையிலேயே போட்டுக்கிட்டு உக்காந்தாவ. பொழுதடையுற வரைக்கும் கழட்டல" என்றாள்.