ஜாலி போட்ட தொட்டி

எங்கள் வீட்டுப் பின்புறம் இருப்பது குளம் இல்லை, சிமெண்ட் தொட்டி. டெல்லி லோதி ரோட்டில் என் பேரில் கீழ்வீட்டுக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது கொய்யா மரத்தடியில் அது காய்ந்து கிடந்தது. முன்பு குடியிருந்த யாரோ தண்ணீர் பிடித்துவைக்கக் கட்டியது. முழங்கால் உயரம், ஒரு கட்டில் அகலம். என் கணவர் அதைத் தேய்த்துக் கழுவி, நடுவில் ஒரு அல்லிச் செடியை இறக்கி, ஆரஞ்சு நிறத் தங்கமீன்களை வாங்கி விட்டார். அன்றிலிருந்து அது குளம். என் ஆபீஸ்காரர்கள் யார் வந்தாலும், "வாங்க, குளத்தைப் பாத்துட்டுக் காபி குடிக்கலாம்" என்பார். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைப் பார்த்து வளர்ந்த மனுஷனுக்கு இது குளமாம்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம். கண்டுபிடித்தபோதே பாதிப் பார்வை போயிருந்தது. வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். ஓரமெல்லாம் இருண்டு, நேர் எதிரே மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. பேப்பர் படிப்பது நின்றது. முகங்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தார். ஆனால் கறுத்த தண்ணீரில் ஆரஞ்சு மீன் திரும்பினால் அவருக்குத் தெரிந்தது. காலையில் டம்ளரோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "இதோ ஒருத்தன், அதோ பெரியவன்" என்று விரலை நீட்டுவார். விரல் சரியாக மீன் மேலேயே இருக்கும். நான் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவேன். மீன் தெரிகிற வரைக்கும் கண் இருக்கிறது என்று எனக்குள் ஒரு நிச்சயம்.

அந்த மீனுக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு மழைக்கால மதியம் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மா பால்கனியிலிருந்து கத்தினாள்: "பாபீஜி, அந்தா ஆ கயா. ஜல்தி ஆவோ."

அந்தா என்றால் குருடன். குருடன் வந்துவிட்டான், சீக்கிரம் வா என்கிறாள். நான் எட்டிப் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு பின்வாசல் படி இறங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. முற்றத்தில் நின்று, எனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில், யாரை அந்தா என்கிறாய், உன் நாக்கில் என்ன இருக்கிறது என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் திகைத்துப்போய்த் தொட்டியைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். நான் கேட்கவே இல்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்தால், இவர் அதற்குள் உள்ளே திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ஏம்மா, அவ என்னைச் சொல்லல. கொக்கைச் சொன்னா. இங்க அதுக்கு அந்தா பகுலான்னு பேரு. நம்ம ஊர்லயும் குருட்டுக் கொக்குன்னுதானே சொல்லுவோம்."

எனக்குக் கொக்கு என்றால் கொக்கு, அவ்வளவுதான். அதில் இத்தனை ஜாதி இருப்பது யாருக்குத் தெரியும். மண் நிறத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, செத்ததுபோல் அசையாமல் நிற்குமாம். பக்கத்தில் போனாலும் பறக்காததால் கண் தெரியவில்லை என்று நினைத்து இரண்டு பாஷைக்காரர்களும் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்களாம். "கண்ணு தெரியாததா அது? அது பாக்கற பார்வையில கால்வாசி எனக்கு இருந்தாப் போதுமே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தாங்க, அந்த வார்த்தை இந்த வீட்ல வேண்டாம். விளக்கு வைக்கிற வீட்ல என்ன பேச்சு இது" என்றேன்.

"எது, கொக்கா?"

"அதுக்கு முன்னாடி இருக்கறது."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பறவைக்குப் பெயர் 'அது'. அது வந்ததா, அது போயிற்றா. மாடி வீட்டு அம்மாவிடம் ஒரு டப்பா முறுக்கோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெரிய மனசுக்காரி, சிரித்துவிட்டாள். ஆனால் வார்த்தைக்குப் போட்ட தடை வார்த்தையோடு நிற்கவில்லை. அவர், "இப்பல்லாம் சாயங்காலம் ஆனா கண்ணு..." என்று ஆரம்பித்தாலே, "மருந்து விட்டீங்களா? எல்லாம் சரியாயிடும்" என்று நான் பேச்சை மாற்றிவிடுவேன். உள்ளே இருந்தது பயம். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது தினமும் வந்தது. நான் ஆபீஸ் போனபின் வந்து, தொட்டி விளிம்பில் இவருக்கு மூன்று முழம் தள்ளி நின்று, இவர் மீன் பார்க்க, அதுவும் மீன் பார்த்தது. தீபாவளிக்குள் இரண்டு மீன் போய்விட்டது. பழைய சிடிக்களை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பளபளவென்று ஆடின, அது சட்டை செய்யவில்லை. இவருடைய பழைய சட்டையைக் குச்சியில் மாட்டிப் பொம்மை வைத்தேன்; அதன் நிழலில் போய் நின்றுகொண்டது. கடைசியில், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போனில், "அம்மா, ஜாலி போட்டுடு, சிம்பிள்" என்றாள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு வலை என்ற வார்த்தை வாயில் வராது. ஜன்னலில் அடிக்கிற கம்பி வலையிலிருந்து கொசுவலை வரை எல்லாம் அவளுக்கு ஜாலிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டினேன். சரோஜினி நகர் மார்க்கெட் பின்பக்கக் கடையில் பொடிக்கண் பச்சை நைலான் ஜாலி வாங்கி, மூங்கில் சட்டம் அடித்து, தொட்டி மேல் இழுத்து, நாலு பக்கமும் செங்கல் வைத்தேன். விரலெல்லாம் அறுபட்டது. கொக்கின் அலகு என்ன, ஊசிகூடப் போகாது. குனிந்து பார்த்தேன், மீன் அழகாகத் தெரிந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது.

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். ஜாலியைத் தடவினார், முடிச்சுகளைத் தடவினார், என் விரலில் சுற்றியிருந்த துணியையும் தடவினார்.

"நல்லா கட்டியிருக்க. ஆனா ஜாலி போட்டதுல ஜாலி போயிடுச்சே" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளுக்குப் போன் போட்டு அந்த ஜோக்கைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அதன்பின் பனி வந்தது, புகை வந்தது. அவர் பின்புறம் போவதை நிறுத்திவிட்டு, ஹாலில் ரேடியோ பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். குளிருக்கு என்று நினைத்தேன். டெல்லிக் குளிரில் யார்தான் வெளியே உட்காருவார்கள். அது வந்து ஜாலி மேல் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து போகும்போதெல்லாம் எனக்கு என்ன பெருமை. ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஹோலி முடிந்து வெயில் சுள்ளென்று ஏறியதும் பாசி எடுப்பதற்காக ஜாலியை அவிழ்த்தேன். மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. "என்னங்க, வாங்க, வந்து பாருங்க உங்க குளத்தை" என்று கூப்பிட்டேன். வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பெரியவன் அவர் முழங்காலுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

"இங்கதாங்க, உங்களுக்கு நேரா."

"ஓ" என்றார். "தண்ணி சத்தம் கேக்குது."

அவர் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஜாலி போட்ட அன்றைக்கே பச்சையாக ஒரு மினுமினுப்புதான் தெரிந்ததாம், அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லையாம். அப்போது அது ஜாலியால். ஜாலி இல்லாமலிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தெரிந்திருக்கும். இப்போது ஜாலி எடுத்தும் தெரியவில்லை. மிச்சமிருந்த அந்த நாலு மாசத்தை நான் செங்கல் வைத்து மூடியிருக்கிறேன்.

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?" கோபமாகத்தான் கேட்டேன். கோபம் வந்தால்தான் எனக்கு அழுகையை அடக்க முடியும்.

"சொன்னேனே. ஜாலி போயிடுச்சுன்னு. நீ சிரிச்ச."

"அதுக்குப் பேரு சொல்றதா?"

"வேற எப்படிச் சொல்றது? கண்ணுன்னு ஆரம்பிச்சாலே நீ மருந்து விட்டீங்களாங்கற. கையெல்லாம் வேற அறுத்துக்கிட்டிருந்த."

அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டார். மீன்கள் வந்து விரலைக் கடித்தன. அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஜாலியைச் சுருட்டிக் கொய்யா மரத்தின் பின்னால் போட்டேன், பிறகு கட்டவே இல்லை.

போன வாரம் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவர் தொட்டி விளிம்பில் கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தாள். இப்போதெல்லாம் பெயர் சொல்லமாட்டாள், "பாபீஜி, வோ ஆ கயா" என்பாள், அது வந்துவிட்டது என்று, அவ்வளவுதான். பார்த்தேன். அவருக்கு மூன்று முழம் தள்ளி, பழைய இடத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது.

"யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"குருட்டுக் கொக்குங்க" என்றேன்.

தண்ணீரில் அவர் கை அசையாமல் நின்றது. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "சொல்லிட்டியே" என்றார்.