ஒகனெசன் போத்தலும் எங்கள் அதிபரும்

"சேர் மோசம் போயிட்டார் ரீச்சர்" என்று அதிபரின் மரணத்தைச் சொல்லிப் பிரதி அதிபர் தொலைபேசியில் அழுதார். மூக்கை உறிஞ்சிய கையோடு முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரையும் கேட்டார். "இரசாயனம் படிப்பிச்சது நீங்கள்தானே. சேரின்ர விஞ்ஞானத் தொண்டைப் பற்றி எழுதித் தாங்கோ." எழுதுகிறேன்.

எங்கள் அதிபர் அமரர் சபாநாயகம் அவர்கள் கம்பீரமானவர். மாலை விழுவதற்கென்றே அமைந்த கழுத்து அவருக்கு. துறைமுகத்தைப் பார்த்திருக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து கண்ணாடி அலுமாரி அன்பளிப்புச் செய்தார். ஐதரசன் தொடங்கி ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு சிறு அறை. கிடைத்தவற்றை வைத்தோம், கிடைக்காதவற்றுக்குப் படம் ஒட்டினோம். கடைசியான நூற்றுப் பதினெட்டாம் மூலகம் ஒகனெசனுக்கு மட்டும் படம் கூடாதென்றார் அதிபர். ஈலியம் முதலான விழுமிய வாயுக்களின் கூட்டத்தில் இருப்பதால் ஒகனெசனும் வாயுதான் என்று தாமே தீர்மானித்து, ஒரு வெறும் போத்தலுக்கு அரக்கு வைத்துப் பெயரும் ஒட்டினார். "வாயுதானே ரீச்சர், கண்ணுக்குத் தெரியாது."

பொறுமையாக விளக்கினேன். கலிபோர்னியத்தின் மீது கல்சியம் அணுக்கருக்களை மாதக்கணக்காக மோதவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்களைத்தான் உலகமே இதுவரை உண்டாக்கியிருக்கிறது. அவையும் கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காமல் சிதைந்துவிட்டன. சிதைந்த சுவட்டைக் கொண்டே அவை இருந்ததை அறிந்தார்கள். அறை வெப்பநிலையில் அது வாயுவல்ல, திண்மமாகவே இருக்கும் என்பதுதான் கணிப்பு. முழுவதையும் கேட்டுவிட்டு, "அது அங்க, ரீச்சர். இது எங்கட பள்ளிக்கூடம்" என்றார். கேட்பவன் கேணையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும். அமைச்சர் முதலாகப் பிரமுகர்கள் வரிசையில் நின்று போத்தலோடு படம் எடுத்தார்கள்.

நவராத்திரி வாணி விழாவில் போத்தலுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் அந்தச் சந்தனத்தைத் துடைக்கும்போது செல்வத்தின் கையிலிருந்து போத்தல் வழுக்கி விழுந்து உடைந்தது. கட்டைபறிச்சான் கிராமத்திலிருந்து வந்து தற்காலிக ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்தவர் அவர். நிரந்தர நியமனத்துக்கு அதிபரின் சிபாரிசு ஒன்றுதான் பாக்கியிருந்தது. "விலைமதிக்க ஏலாத மூலகத்தை இவன் துலைச்சுப் போட்டான்" என்று காலைக் கூட்டத்தில் அறிவித்து, அதிபர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, போத்தலில் ஒன்றுமே இருக்கவில்லை என்றேன். விஞ்ஞானப் பட்டதாரிகள் மூவரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதிபர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். "உள்ள ஒண்டும் இல்லையெண்டு எனக்கும் தெரியும். அமைச்சரோட படம் எடுத்த பிறகு அதைச் சொல்லேலுமே?"

அறியாமையை நான் மன்னிப்பேன், படிப்பிப்பதே அதற்காகத்தான். இது அறியாமை அல்ல. அன்றிலிருந்து அவரை நினைத்தால் எனக்கு அருவருப்புத்தான். அடுத்த கிழமை புதுப் போத்தல் வந்தது. செல்வம் திரும்பி வரவேயில்லை.

அதிபரின் செத்தவீட்டில் செல்வத்தைக் கண்டேன். ஒலிபெருக்கியில் பிரதி அதிபர் "விஞ்ஞானச் சுடர்" என்று முழங்கிக்கொண்டிருக்க, செல்வம் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"ஊரில இண்டைக்கும் நான் மூலகம் உடைச்சவன்தான் ரீச்சர். கடைசிக் காலத்திலயாவது சேர் நாலு பேருக்கு முன்னால உண்மையைச் சொன்னவரோ?"

"இல்லை, தம்பி."

பெட்டி மூடும்வரை அவர் நிற்கவில்லை.

இந்த மலர் வீடு வீடாகப் போகும். கட்டைபறிச்சானுக்கும் போகும். ஆகவே அமரரின் விஞ்ஞானத் தொண்டை முழுமையாகப் பதிகிறேன். போத்தலில் இருந்தது எங்கள் ஆய்வுகூடத்துக் காற்று. செல்வம் எந்த மூலகத்தையும் தொலைக்கவில்லை. அதிபர் அவர்களுக்கு அது தெரியும்.

போய் வாருங்கள், சேர்.