எங்கே என்று கேட்காதவள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பட்டுக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்யாணம் கிடையாது, முகூர்த்தப் புடவை கிடையாது. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கால் வலிக்கு உட்கார வருவார்கள். பத்துப் பதினைந்து புடவையை நான் பிரித்துப் போட்ட பிறகு, "சாமி பாத்துட்டு வரோம்" என்று எழுந்து போவார்கள். சாமி அவர்களைத் திரும்ப விட்டதாக எனக்கு நினைவில்லை. மற்ற பெண்கள் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கல்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பேன். முதலாளிக்குத் தெரியும். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது மட்டும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

போன மார்கழியில் என் மடியில் இருந்தது ஒரு தடித்த நாவல். ஊரில் புத்தகக் கண்காட்சி போட்டபோது அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கியது. நம் நாட்டில் ராக்கெட் விட ஆரம்பித்த காலத்தில் அந்த வேலைக்குப் போன பெண்களைப் பற்றிய சரித்திரக் கதை. சரித்திரக் கதை என்றால் எனக்கு ராஜா, குதிரை, சுரங்கப்பாதை. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் பல்லவர் கல். இந்தக் கதையிலோ சாதாரண நூல் புடவை கட்டிய பெண்கள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கடற்கரையில் ஒரு கொட்டகைக்குப் போய்க் கணக்குப் போடுகிறார்கள். என் அம்மா வயசுக்காரிகள். இவர்களும் சரித்திரமா என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

கதாநாயகி கணக்கில் பட்டம் வாங்கியவள். ராக்கெட்டில் எரிந்து தீர்ந்த பாகம் கழன்று கடலில் விழும். அது எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. சொன்னால்தான் மீன் பிடிக்கப் போகிறவர்களை அந்தப் பக்கம் போகாதே என்று தடுக்க முடியும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் முதலிலிருந்து போட வேண்டும். கணக்குப் போடும் மெஷின் ஒன்றே ஒன்று, அதற்கும் ஆண்கள் முந்திக்கொள்வார்கள், இவளுக்குப் பென்சில்தான். ராக்கெட் கிளம்பிய பிறகு எல்லாரும் கைதட்டிவிட்டு லட்டு தின்னப் போவார்கள். இவள் மட்டும், நிஜத்தில் அது எங்கே விழுந்தது என்று தகவல் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போனாலும் அவள் பேச்சுதான். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பெரிய பாடு. அவரே சிரித்துவிட்டார்.

"ஏம்மா, காயலாங்கடைக்காரன் மாதிரி அந்த இரும்பு எங்க விழுந்துச்சின்னே சொல்லிக்கினு இருக்கிறியே. அவ புருஷன் சோறு தின்னானா இல்லியா, அதச் சொல்லு."

"அவன் நல்லாத்தான் தின்னுக்கினு இருக்கான்" என்றேன்.

கதையின் நடுவில் அவள் உண்டாகிறாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள். குழந்தை பிறக்கிறது. பிறந்த அன்று சாயங்காலமே போய்விடுகிறது. புருஷன் வீட்டு ஆட்கள் எடுத்துப்போய்ப் புதைக்கிறார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்புகிறாள். அடுத்த பத்தியில் புது ராக்கெட் தயாராகிறது.

ஒரு பத்தி. ராக்கெட்டுக்கு வால் பொருத்துவதை அத்தியாயம் அத்தியாயமாக எழுதிய ஆள், பிள்ளைக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தார். பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. எழுதியவர் மேல் வந்த கோபம் அப்படியே அந்தப் பெண் மேல் திரும்பியது. இரும்பு விழுந்த இடம் தெரியும்வரை தண்ணீர் குடிக்காதவளே, பெற்ற பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லையா?

புத்தகத்தை மூடிவிட்டு அலமாரியில் இருந்த புடவைகளையெல்லாம் இறக்கித் திரும்ப அடுக்கினேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது. பின்னால் ஸ்டாக் ரூமுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கதையில யாராச்சும் செத்துட்டாங்களா?"

"ஆமா" என்றேன்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் இருந்தாள். பெயர் வைக்கிற அளவுக்கு இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் பழைய நூல் புடவையில் சுற்றி அவரும் என் அண்ணனும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு சின்ன உயிரை எரிக்க மாட்டார்கள், மண்தான். பெண்கள் கூடப் போவதும் வழக்கமில்லை. அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அவர் கால் முழுக்க மணல் ஒட்டியிருந்தது. எங்கே வைத்தார்கள் என்று அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன்.

"கேக்காதமா" என்றாள். "எடம் தெரிஞ்சா மனசு அங்கயே சுத்திக்கினு கெடக்கும். அடுத்தது தங்காது."

அடுத்தது தங்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பால் கட்டிக்கொண்டு உயிர் போனது. பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். நாலு நாள் மார்போடு வாடிய பூவின் வாசனையை என்னால் இன்னும் தாங்க முடியாது. கடையில் கல்யாணக் கோஷ்டி தலை நிறையப் பூவோடு உள்ளே வந்தால் நான் மூச்சை வாயால் விட்டுக்கொண்டு புடவை காட்டுவேன்.

அடுத்தது தங்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு அந்தக் கூலிகூடக் கிடைக்கவில்லை. அம்மாவும் போனாள், அண்ணனும் போனான். என் பெண்ணை வைத்த இடம் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பாக்கி. அவரோடுதான் தினமும் ஒரே அலமாரியும் ஒரே சோப்பும் பங்குபோட்டுக்கொண்டு குடித்தனம் நடத்துகிறேன். இத்தனை வருஷமாக ஒரு நாள் அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

எனக்கு இடம் தெரிய வேண்டும். நான் செத்துப் போவதற்குள், அவர் செத்துப் போவதற்குள் ஒரு தடவை அங்கே போய் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இந்த ஆசை இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பத்தி வந்து கிளப்பிவிட்டது.

ஆனால் நேராகக் கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருஷம் மூடிவைத்ததை, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே எப்படிக் கேட்பது? அதனால் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டால் ஷிஃப்ட் முடியும்வரை அவருக்கு வேலை இல்லை. பஸ்ஸிலேயே படுத்துக் கிடப்பார், இல்லாவிட்டால் எதையாவது படிப்பார்.

"படிச்சிப் பாருங்க. அந்தக் காயலாங்கடைக்காரிய உங்களுக்கும் பிடிக்கும்" என்றேன்.

பக்கத்தின் முனையை மடித்து அடையாளம் வைக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு. எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இந்தத் தடவை அந்த மடிப்புதான் எனக்குத் துணை. சாயங்காலம் டிபன் பாக்ஸை எடுக்கிற சாக்கில் பையைத் திறந்து எங்கே மடித்திருக்கிறார் என்று பார்ப்பேன். தை பிறந்து கடையில் கூட்டம் நெரிந்தது. நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தாலும் முதல் வேலை பையைப் பார்ப்பதுதான். மனுஷர் எறும்பு மாதிரி ஊர்ந்தார். மாசியில் ஒரு நாள் மடிப்பு அந்தப் பத்திக்கு ரெண்டு பக்கம் முன்னால் இருந்தது. நாளைக்கு வந்துவிடும் என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பையைத் திறந்தேன். மடிப்பு அந்த அத்தியாயத்தையே தாண்டி, அடுத்ததையும் தாண்டி இருந்தது. ஒரு நாளில் அவ்வளவு தூரம் அவர் படித்ததே இல்லை. சுடுமணலில் கால் வைத்தவர்போல் ஓடியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தேன்.

"ரசம் நல்லா இருக்குது" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரசத்தை அவர் தலையில் கொட்டியிருப்பேன். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கடைசில ராக்கெட்டு மேல போயிடுச்சி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பங்குனி உத்திர சமயம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரெண்டு பேருக்கும் லீவு. அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, பாப்பாவ எங்க வெச்சீங்க?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அந்தக் கதையில அந்தப் பொண்ணு கேக்கல இல்ல" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவ கேக்கல. நான் கேக்கறேன்."

அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு "கெளம்பு" என்றார்.

ராஜ வீதியில் சாமி வருகிறது என்று தடுப்பு போட்டிருந்தார்கள். சந்து சந்தாகச் சுற்றிப் பாலாற்றுப் பக்கம் வண்டியை விட்டார். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கரையில் நிறுத்தினார். நான் ஒன்றும் கொண்டுவரவில்லையே, ஒரு ஊதுபத்திகூட வாங்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. ஆறு என்று பேர், தண்ணீர் இல்லை. கரையோரம் ஒற்றைப் பனைமரம், பாதி வேர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரே பள்ளம். மணல் அள்ளின பள்ளம். அடியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அவர் என் கையைப் பிடித்து அந்தச் சரிவில் மெதுவாக இறக்கினார். பள்ளத்தைத் தாண்டி எங்கோ அந்தப் பக்கம் போகிறோம் என்று நினைத்தேன்.

பள்ளத்தின் அடியிலேயே நின்றார். திரும்பிப் பனைமரத்தைப் பார்த்தார். பாலத்தின் தூணைப் பார்த்தார். ரெண்டடி இடதுபக்கம் நகர்ந்து நின்றார். பல தடவை வந்து நின்றவர் நிற்கிற நிற்பு அது.

"இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே மண்ணைத் தொடக் குனிந்தேன்.

அவர் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"கீழ இல்லமா" என்றார். "அந்தப் பனையோட அடி தெரியுது பாரு, மண்ணு அந்த மட்டத்துக்கு இருந்துச்சி. நானும் மச்சானும் அங்கதான் நின்னோம்." தலையைத் தூக்கிக் காட்டினார். எங்கள் தலைக்கு மேல் வெறும் வெயில்தான் இருந்தது.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவரே சொன்னார்.

"வருஷா வருஷம் வந்துக்கினு இருந்தேன். டூட்டின்னு உன்கிட்ட சொல்லிட்டு வருவேன். ஒரு வருஷம் வந்தா பள்ளமா இருக்குது, லாரிங்க நிக்குது. ஒவ்வொரு டிரைவரா போய், இதுக்கு முன்னாடி லோடு எங்கப்பா போச்சின்னு கேட்டேன். மெட்ராஸ் பக்கம்ன்றான் ஒருத்தன், தெரியாதுன்றான் ஒருத்தன். உன்கிட்ட இன்னான்னு வந்து சொல்றது? நீ கேக்கவே கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தேன். ஒவ்வொரு நாளும்."

அப்புறம் அவர் அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்திராத அழுகை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் பெண் யாரோ குடியிருக்கிற வீட்டுச் சுவரில் இருப்பாள், யாரோ கோலம் போடுகிற வாசலில் இருப்பாள் என்று நினைத்தேன். நான் நிற்க வேண்டும் என்று கேட்ட இடத்தில்கூட யாரும் நிற்க முடியாது. அங்கே மண்ணே இல்லை.

"சரியா எந்த எடம், இன்னொரு தபா காட்டுங்க" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பனைமரத்தையும் தூணையும் திரும்பப் பார்த்து, குதிகாலை உயர்த்தி, கையை நீட்டிக் காட்டினார். "இன்னும் மேல" என்றார். நானும் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினேன். அவர் என்னைவிட நல்ல உயரம். அவருக்கே எட்டவில்லை.