ஆலை வழியாகப் போன பஸ்

டிப்போவில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவர் பிரேக் போட்டால் நிற்கிற பயணிக்குக் கால் நகராது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நூற்பாலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கியே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் இன்னும் தற்காலிக ஓட்டுநர்தான்.

நாடுகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டி அந்த ஊருக்கு வந்தபோது, அணிக்கு ஒருவராக டிப்போவிலிருந்து ஓட்டுநர்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். போட்டி முடியும்வரை குறையில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். நிதானத்துக்கு வாய்த்தது ஒரு சின்ன நாட்டின் அணி. முதல் ஆட்டத்திலேயே உதை வாங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணி.

முதல் ஆட்டத்தன்று ஓட்டலிலிருந்து கிளம்பினார்கள். முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள் சைரனோடு போனது. ரவுண்டானாவில் நேராகப் போக வேண்டும். நிதானத்தின் கை தன்பாட்டுக்கு இடப்பக்கம் வளைத்துவிட்டது. ஆலைக்குப் போகிற சாலை அது. இத்தனை வருடப் பழக்கம். பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. போலீஸ்காரர் பின்னால் யாருமே இல்லாமல் வெகுதூரம் சைரன் ஊதிக்கொண்டு போனார்.

ஆலை வாசலில் ஷிப்ட் விட்ட நேரம். கூட்டம் விலகி வழிவிட்டது. நூல் சுற்றும் பிரிவு அம்மாள் ஒருத்தி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன நிதானம், புது ஷிப்டா? எல்லாம் வாட்டசாட்டமா இருக்கு."

"பேசாம போங்கம்மா, நானே வழி தப்பி வந்துட்டேன்."

பெண்கள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். உள்ளே இருந்தவர்களும் கை தட்டினார்கள். அன்று மாலை அந்த அணி, கோப்பைக்கு ஆசைப்பட்ட பெரிய அணி ஒன்றைத் தோற்கடித்துவிட்டது.

மேற்பார்வையாளர் மறுநாள் காலையில் அவரைக் கூப்பிட்டார். "அவங்க ஜெயிச்சதால தப்பிச்சீங்க. இன்னொரு தரம் பாதை மாறினா சாவியை வச்சிட்டுக் கிளம்புங்க. நிரந்தரத்தையும் மறந்துடுங்க."

அடுத்த ஆட்டத்துக்குப் பஸ் கிளம்புமுன் கோல்கீப்பர் வந்து நின்றான். கூடவே மொழிபெயர்க்கிற பெண்.

"அண்ணா, அன்னிக்குப் போன வழியிலயே போகணுமாம். கை தட்டினாங்களே, அந்த ரோடு."

"அது கை தவறித் திரும்பினதும்மா."

அவள் அதை அவனிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு ஏதோ சொன்னான்.

"அப்ப இன்னிக்கும் கை தவறச் சொல்றார்."

"வேணும்னு திரும்பினா அது எப்படிம்மா தவறினதாகும்? என் வேலை போயிடும்னு சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். ரவுண்டானா வந்தது. எல்லாத் தலையும் இடப்பக்கம் திரும்பியிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. நிதானத்தின் கையும் அங்கேதான் இழுத்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போனார்.

கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரின் கைக்கடியில் ஒரு பந்து நழுவி உள்ளே போனது. அணி தோற்று, போட்டியிலிருந்தே வெளியேறியது.

திரும்பி வந்தபோது ஓட்டல் வாசலில் மேற்பார்வையாளர் காத்திருந்தார். அணியின் மேலாளர் இறங்கியதும் நேரே அவரிடம் போய்ப் படபடவென்று பேசினார். நிதானமும் கீழே இறங்கி நின்றார்.

"ஓட்டுநர் மேல புகாராம்" என்றாள் மொழிபெயர்க்கிற பெண்.

"என்ன பண்ணினார்?" என்றார் மேற்பார்வையாளர்.

"போட்டுக் கொடுத்த பாதையிலதான் போவேன்னு பிடிவாதம் பண்ணினாராம்."

மேற்பார்வையாளர் மீசையைத் தடவிக்கொண்டார். "கண்டிப்பா மேலிடத்துக்கு அனுப்பறேன்னு சொல்லும்மா."

மேலாளர் திருப்தியோடு உள்ளே போனார். மேற்பார்வையாளர் நிதானத்தின் பக்கம் திரும்பினார். "இதையும் சேர்த்தே உங்க பேரை அனுப்பறேன்யா. நிரந்தரத்துக்கு இதைவிட சிபாரிசு நான் எங்க போய் வாங்கறது?"

நிதானம் சிரித்தார். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை. பஸ்ஸின் கடைசி இருக்கையில் கோல்கீப்பர் இன்னும் உட்கார்ந்திருந்தான். கையுறைகளைக்கூடக் கழற்றவில்லை.

"கூப்பிடட்டுமா அண்ணா? நீங்க டிப்போவுக்குப் போகணுமே."

"வேணாம்மா. அவனா எழுந்து வரட்டும்."

மேலே ஏறி இன்ஜினை அணைத்தார். தன் இருக்கையில், பின்னால் பார்க்காமல், உட்கார்ந்துகொண்டார்.