நர்ஸம்மா வளர்த்த வெள்ளைக்குட்டி

வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தேவமணி பிரசவ விடுதி நர்ஸாக இருந்தாள். சுற்றுவட்டாரத்தில் அவள் கையில் பிறக்காத பிள்ளை குறைவு. கணவர் வேதமாணிக்கம் அதே ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர். கண்டிப்பானவர் என்று பெயர். தன் வீட்டில் இருக்கும் எதுவும் குறையில்லாததாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முன்பு வளர்த்த நாய்க்குட்டிக்குச் சொறி வந்தபோது அதைக் கோணியில் கட்டி வைப்பாற்று மடுவில் விட்டுவிட்டு வந்து, கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தவர்.

அந்த வட்டாரத்தில் நாய்க்குட்டி எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டாசுக் கம்பெனிகளில் சரக்கைச் சோதிக்க வருஷம் முழுக்க வெடி போடுவார்கள். சத்தத்துக்கு மிரளுகிற நாய் அங்கே எதற்கும் உதவாது. ஆகவே குட்டிகள் பால் குடிக்கும்போது பின்னால் ஓர் ஓலைவெடியைக் கொளுத்திப் போடுவார்கள். ஓடாமல் நிற்பதை எடுத்துக்கொள்வார்கள். 1957 ஆவணியில், சங்கையா வீட்டு ராஜபாளையம் நாய் ஈன்ற குட்டிகளுக்கு வேதமாணிக்கம் வெடி போட்டார். மூன்று குட்டிகள் கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் பாய்ந்தன. உடம்பெல்லாம் பால்வெள்ளையாகவும் மூக்கு மட்டும் ரோஜா நிறமாகவும் இருந்த நாலாவது, தலையைக்கூடத் தூக்காமல் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீரா சங்கையா, அசையல.”

“அது பசிக்காரக் குட்டி, சார். உலகமே இடிஞ்சாலும் சோத்தை விடாது.”

“பசிக்காரனில்ல, தைரியசாலி” என்றார் வேதமாணிக்கம். வேதாகமத்துப் பலசாலியின் நினைவாகச் சிம்சோன் என்று பெயர் வைத்து, அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே சிம்சோன் அவருடைய வலதுகால் செருப்பைத் தின்றது. காயப்போட்ட கஞ்சி வேட்டியில் மூத்திரம் பெய்தது. பானை மூடியைத் தள்ளிவிட்டுக் கருவாட்டைக் கவ்விக்கொண்டு போய் ஜெபப் பாயில் வைத்துச் சாப்பிட்டது. மகள் ஞானஜோதி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக் கிடந்தாள். வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. செருப்புக்கும் வேட்டிக்கும்கூட அவ்வளவு கோபமில்லை. கூப்பிட்டால் வரவில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மூன்று முறை கூப்பிடுவார். பிறகு புளியம் விளாரை எடுப்பார். எதற்கு அடி விழுகிறது என்று தெரியாமல் குட்டி சுவரோரம் ஒடுங்கி, அடிக்கிற காலையே நக்கப் போகும்.

ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தேவமணி தொட்டாள். அது பதறி எழுந்து அவள் விரலைக் கடித்துவிட்டது. கடித்த பிறகு முகத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டதுபோல வாலைச் சுருட்டியது. அவள் வந்த காலடி அதற்குத் தெரியவே இல்லை. எனாமல் பேசினை அதன் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டாள். அடுத்த வீட்டு ராக்காயி, “என்னம்மா ஒடைஞ்சது?” என்று ஓடி வந்தாள். குட்டி தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது.

தேவமணிக்கு விளங்கிவிட்டது. அதற்குக் காது கேட்காது. அவருக்குத் தெரிந்தால் கோணியும் மடுவும்தான் என்பதும் விளங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. விடுதியிலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்தில் குட்டியை நிறுத்திக் கைச்சாடை பழக்கினாள். கையை உயர்த்தினால் வர வேண்டும், தாழ்த்தினால் உட்கார வேண்டும். இட்டிலித் துண்டுக்காக அது எதையும் கற்றுக்கொள்ளும். வேதமாணிக்கம் “சிம்சோன்” என்று கூப்பிடும்போது அவர் முதுகுக்குப் பின்னால் அவள் நின்று கை உயர்த்துவாள். குட்டி பாய்ந்து வந்து அவர் முன் நிற்கும். விளார் பரண்மேல் போயிற்று. அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்கும். வீட்டுக்கு வந்து குட்டியின் விலாவில் தடிப்பைத் தடவிப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும்.

மறு வருஷம் பள்ளி ஆண்டுவிழாவில் வேதமாணிக்கம் நாயை மேடைக்குக் கொண்டுபோனார். மைதானத்தின் அந்தக் கோடியில் அதை உட்காரவைத்து, ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேடையின் பின்னோரத்தில் மற்றப் பெண்களோடு நின்ற தேவமணி கையைத் தூக்கினாள். ஜனத்தைப் பிளந்துகொண்டு வெள்ளை வெளேரென்று அது வந்து நின்றபோது எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் சுந்தரபாண்டி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் நின்றிருந்த நிலம் அவருடையது.

“சார்வாள், இப்படி ஒரு சொல் கேக்குற நாய் என் தோட்டத்துக்கு வேணும். புதுக் கிணறு வெட்டுறேன். காவலுக்கு ஆள் பத்தல.”

“நாளைக்கே கூட்டிட்டுப் போங்க” என்றார் வேதமாணிக்கம்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது தேவமணி உண்மையைச் சொன்னாள். அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“போன தையிலேயே தெரியும். நீ பின்னால நின்னு கையைத் தூக்குறதும் தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேயா அடிச்சீக?”

“வீதியில போறவன் பாக்கான்ல. கூப்பிட்டு வராத நாயைச் சும்மா விட்டா, நாளைக்கு எந்தப் பிள்ளை எனக்கு அடங்கும்?”

“கூட்டிட்டுப் போறவுககிட்டயாவது சொல்லிருங்க. தோட்டத்துல வண்டி போகும், மாடு வரும். அதுக்கு ஒண்ணும் கேக்காது.”

“ஊரு முன்னால தைரியசாலின்னு சொன்னவன், இப்பப் போயிச் செவிட்டு நாயைக் குடுத்தேன்னு சொல்லவா? நீயும் சொல்லாத. சொன்னா அவர் திருப்பி விட்டுருவார். திரும்பி வந்தா எங்க போகும்னு உனக்குத் தெரியும்.”

தேவமணி வாயை மூடிக்கொண்டாள். தோட்டத்தில் சாப்பாடாவது கிடைக்கும், உயிரோடாவது இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். தோட்டத்து ஆள் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தபோது சிம்சோன் நகராமல் அவள் கையையே பார்த்தது. போ என்பதற்கு அவள் சாடை பழக்கியிருக்கவில்லை. இழுத்துத்தான் போனார்கள்.

ஐப்பசி பிறந்து சுந்தரபாண்டி அவர்கள் வீட்டுக்கு வந்தார். தேவமணி காப்பி கொடுத்தாள்.

“கிணத்துல பாறைக்கு வெடி வச்சோம், சார்வாள். திரியைப் பத்த வச்சிட்டு, வெடி வெடின்னு கத்திக்கிட்டு அம்புட்டுப் பேரும் ஓடிட்டோம். மத்த நாயெல்லாம் எங்களுக்கு முன்னாலயே ஓடிருச்சு. இது கிணத்து மேட்டுல படுத்தது படுத்தபடி கிடக்கு. நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். காவல் போட்ட எடத்தை விட்டு எந்திரிக்கவே இல்லையே.” காப்பியை ஒரு வாய் குடித்தார். “பாறை விழுந்து இடுப்பு போச்சு. பொழுது சாயுற வரைக்கும் உசுரு இருந்துச்சு.”

“வளர்ப்பு அப்படி” என்றார் வேதமாணிக்கம்.

தேவமணி கதவோரத்திலிருந்து சொன்னாள்: “அதுக்குக் காது கேக்காதுங்க. தூங்கியிருக்கும்.”

சுந்தரபாண்டி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “நல்லாருக்கு நர்ஸம்மா. அம்புட்டுக் கூட்டத்துல ஒரு சத்தம் குடுத்ததுக்கு வந்து நின்னுச்சே, அதுக்கா காது கேக்காது? ஊரே சாட்சி.”

“வளத்த பாசம், மனசு கலங்கியிருக்கா” என்றார் வேதமாணிக்கம். அது எப்படி வந்தது என்று தேவமணி கையைத் தூக்கிக் காட்டலாம். பார்த்து வருவதற்கு நாய் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிப் பிரார்த்தனையில் சிம்சோன் கடமையைக் காத்து உயிர்விட்ட கதையை வேதமாணிக்கம் பிள்ளைகளுக்குச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் இருந்த ஞானஜோதி வீட்டுக்கு வந்து தாயிடம் அதை அப்படியே ஒப்பித்தாள். தேவமணி அடுப்பைத் தணித்துவிட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“அது காத்துக்கிட்டு இருக்கல. அதுக்குக் காது கேக்காது. உங்கப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லல.”

பிள்ளை மறுநாள் அதை வகுப்பில் சொல்லிவிட்டாள். வகுப்பு அடுத்த வகுப்புக்குச் சொன்னது. வேதமாணிக்கம் மகளைப் பிரார்த்தனை வரிசைக்கு முன்னால் நிறுத்தி, பொய் சொன்னேன் என்று சொல்லச் சொன்னார். அவள் சொல்லவில்லை. சொல்லும்வரை அடித்தார்.

அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து கொண்டுவந்த மருந்தைத் தேவமணி மகளின் கெண்டைக்காலில் போட்டாள். அன்றிரவே காரியாபட்டிக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டாள். தை மாதம் உத்தரவு வந்தது. மனைவிக்குப் பதவி உயர்வு என்று வேதமாணிக்கம் ஊரில் சொன்னார். பஸ் வரைக்கும் வந்து பெட்டியைத் தானே ஏற்றினார். பிறகு மகளைத் தூக்கிவிடக் கை நீட்டினார். ஞானஜோதி அந்தக் கையைத் தொடாமல் விலகிப் போய், கம்பியைப் பிடித்துத் தானே ஏறி, தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.